வழி பிரியும் இடத்தில் நின்றிருக்க வேண்டியவர்

உடைந்த எலும்புகளைப் படம் எடுத்து எடுத்து, அவருக்கு உலகமே ஒரு வழுக்குத் தரையாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், ஜன்னலே இல்லாத எக்ஸ்ரே அறையில் அவருக்கு வேலை. காலையில் ஈய அங்கியை மாட்டினால் மத்தியானம் சாப்பிடப் போகும்போதுதான் கழற்றுவார். மாடிப்படியில் உருண்ட பாட்டிகள், சைக்கிளில் இருந்து விழுந்த பிள்ளைகள், ஏணி சறுக்கிய பெயின்டர்கள் என்று வரிசை நீண்டுகொண்டே இருக்கும். "மூச்ச இழுங்க, அப்படியே பிடிங்க, ஆடாதீங்க, ம், விடுங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டில் மகளுக்குத் தலை பின்னும்போதும் "ஆடாதீங்க" என்று மரியாதையாகவே சொல்லிவிடுவார்.

ஒரு பையன் மதில் மேல் ஏறினால் மற்றவர்களுக்குப் பையன் தெரிவான். அவருக்கு மணிக்கட்டு தெரியும். அது எப்படிப் பிளந்து கறுப்பு வெள்ளையில் விழும் என்பதும் தெரியும். அதனால் வாய்க்கு வாய் "பாத்துடா, பாத்துடா" என்பார். தேவாலயத்தின் சிறுவர் சங்கத்துப் பையன்கள் அவருக்கு வைத்த பெயரும் அதுதான்: பாத்துடா அண்ணன். அவர் காதுபடவே கூப்பிடுவார்கள். அவர் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. சும்மா கிடந்தவரை யாராவது செல்லப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்களே என்று உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட.

அந்தச் சங்கத்துக்குள் அவர் வந்ததே ஒரு விபத்துதான். கல்யாணமான புதிதில், ஆராதனை முடிந்து மனைவியோடு வாசலில் நின்றிருந்தபோது, மேசை நாற்காலி செய்யும் பட்டறை வைத்திருந்தவர் வந்து இவர் தோளில் கையைப் போட்டார். சங்கத்தின் தலைவர் அவர்தான். எல்லோருக்கும் அவர் கேப்டன்.

"பிரதர், இந்த வெள்ளிக்கிழமை ஒரே ஒரு தடவ வாங்க. ஒண்ணும் பண்ண வேணாம், ஹால் கதவுகிட்ட நில்லுங்க போதும். பசங்க ரோட்டுக்கு ஓடிடறானுங்க."

கதவுகிட்ட நின்றவர் நின்றவர்தான். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் ஹாலில் பந்து விளையாட்டு, முடிச்சுப் போடுதல், முதலுதவி, கொஞ்ச நேரம் வேதபாடம், கடைசியில் ஜெபம். சம்பளம் கிடையாது, நன்றியும் எப்போதாவதுதான். முட்டி சிராய்த்த பையன் அவரைத் தேடி வந்து காலை நீட்டுவான். அது ஒன்றுக்காகவே பல வெள்ளிக்கிழமைகள் போயிருக்கிறார்.

பொறுப்பாளர்கள் மொத்தம் மூன்று பேர். மூன்றாமவர் மருந்துக்கடைக்காரர். நல்ல மனுஷன், பையன்களுக்கு உயிர். ஆனால் எதற்கும் பிடி கொடுத்துப் பேச மாட்டார். "வர்றீங்களா?" என்றால் "பாக்கலாம் பிரதர்" என்பார். வந்தாலும் அதே பதில்தான், வராவிட்டாலும் அதே பதில்தான். கேப்டனோ பாதி வாக்கியத்தை வாயில் வைத்துக்கொண்டு மீதியைக் கேட்பவர் தலையில் இருக்கும் என்று நம்புகிறவர். பட்டறையில் ரம்பம் ஓடும்போதே போனில் குரலைப் பதிந்து அனுப்புவார். "பிரதர்ஸ், சனிக்கிழம நாம..." என்று ஆரம்பிக்கும், அப்புறம் ரம்பம் மட்டும் பேசும். அதற்கும் இரண்டு பேர் கட்டைவிரல் படம் போட்டு வைப்பார்கள்.

நம்மவர் மட்டும் என்ன ஒழுங்கு? அவர் எதையும் மென்று முழுங்குகிறவர். மனதில் பட்டது தொண்டை வரை வரும், அங்கேயே தங்கிவிடும். "இது சரியா வராது கேப்டன்" என்று சொல்ல வாயைத் திறப்பார். "தண்ணி பாட்டில் எடுத்துக்கவா?" என்று கேட்டு மூடுவார். இப்படி மூன்று பேரும் சேர்ந்து, ஒருவர் செய்வார் என்று ஒருவர் நினைத்து, கடைசி நிமிஷத்தில் ஓடியாடி, எப்படியோ ஒவ்வொரு தடவையும் தப்பித்து வந்தார்கள். தப்பித்ததை எல்லாம் ஆண்டவரின் கிருபை என்று சொல்லி ஸ்தோத்திரம் பண்ணினார்கள். கொஞ்சம் பேசிவைத்துக்கொண்டால் ஆண்டவருக்கும் வேலை குறையும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம் அவர் சங்க வேலையில் அலுத்துப்போயிருந்தார். தபால் நிலையத்தில் கவுன்ட்டர் வேலை பார்க்கும் மனைவி, சட்டையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"என்னங்க, வர மாட்டேன்னு சொல்ல இவ்வளவு கஷ்டமா? ஒரு வாய் வார்த்தைதானே?"

"சொல்லிடறேன். பசங்களோட இந்த மலைப் பயணம் முடியட்டும். அன்னைக்கு சாயங்காலம் கேப்டன்கிட்ட தெளிவா சொல்லிடறேன்."

"நீங்களா? தெளிவாவா?" என்று சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்தது.

மலைக்குப் போகிற சனிக்கிழமை காலையில் ஆலய முற்றத்தில் வேன் வந்து நின்றது. பையன்கள் ஜன்னல் சீட்டுக்கு முட்டி மோதினார்கள். மருந்துக்கடைக்காரரைக் காணோம்.

"வருவார், வருவார். நேரா அடிவாரத்துக்கு வந்துடுவார்னு நெனைக்கிறேன்" என்றார் கேப்டன்.

"அவர் சொன்னாரா கேப்டன்?"

"பாக்கலாம்னு சொன்னார்."

இத்தனை பையன்களுக்குக் குறைந்தது மூன்று பேர் என்பது அவர்களே போட்டுக்கொண்ட சட்டம். முன்னால் ஒருவர், நடுவில் ஒருவர், கடைசியில் ஒருவர். அவர் கேப்டனின் கையைப் பிடித்து நிறுத்தி, இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தார். வேனுக்குள் பையன்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். "முதலுதவிப் பெட்டி வச்சாச்சா?" என்று கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

அடிவாரத்திலும் மருந்துக்கடைக்காரர் இல்லை. அங்கே போனில் சிக்னலும் இல்லை. "மேல ஏறுறது ஒரே வழிதானே, ஆடு மாடு மாதிரி போயிடுவானுங்க" என்று கேப்டன் நடந்தார். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. வெயில் இதமாக இருந்தது. உச்சியில் பாறைகள் மேல் உட்கார்ந்து ரொட்டியும் முட்டையும் சாப்பிட்டார்கள். ரேடியோ என்று பெயர் வாங்கிய பையன், நிறுத்தாமல் பேசிக்கொண்டே இரண்டு பேர் பங்கைத் தின்றான். பஸ் கண்டக்டரான தன் அம்மா சில்லறை இல்லாத ஆசாமிகளை எப்படித் திட்டுவாள் என்று நடித்துக் காட்டினான். கேப்டன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அப்போதுதான் மேகம் இறங்கியது. எதிர்மலை இருந்தது, பிறகு இல்லை. பாறை இருந்தது, பிறகு அதன் விளிம்பு மட்டும் இருந்தது. ஈரம் கழுத்துக்குள் நுழைந்தது. பத்தடி தூரத்தில் நிற்கிற பையன் சாம்பல் நிறத்தில் ஒரு நிழலாகத் தெரிந்தான்.

"எறங்கலாம், எறங்கலாம். எல்லாரும் என் பின்னாடி வாங்க" என்று கேப்டன் கைதட்டினார். கிளம்பும்போது திரும்பி, காற்றுக்கு மேலே குரலை உயர்த்தினார். "பிரதர், அந்த வழி பிரியற இடத்துல பாத்துக்கோங்க!"

"சரி கேப்டன்" என்றார் இவர்.

வழி பிரியும் இடம் என்பது பாதி மலையில் இருந்தது. வலது பக்கம் ஒற்றையடிப் பாதை, அடிவாரத்துக்கு. இடது பக்கம் அகலமான லாரிப் பாதை, கைவிடப்பட்ட கல்குவாரிக்கு. கேப்டன் சொன்னதன் அர்த்தம்: நீங்கள் அங்கே நில்லுங்கள், கடைசிப் பையன் வலது பக்கம் திரும்பும் வரை நகராதீர்கள். இவருக்குப் புரிந்த அர்த்தம்: அங்கே கவனமாக இறங்குங்கள். ஒன்பது வருஷமாக எல்லோரிடமும் அந்த அர்த்தத்தில்தானே அவர் அந்த வார்த்தையைச் சொல்லி வருகிறார்? பிரியும் இடத்தில் கேப்டனே நின்று எல்லோரையும் அனுப்புவார் என்று நினைத்துக்கொண்டார். செருப்பு அறுந்த ஒரு சின்னப் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்துடா, கல்லு வழுக்கும்" என்று சொல்லிக்கொண்டே அந்த இடத்தைக் கவனமாகக் கடந்து, கேப்டன் மேகத்துக்குள் எங்கோ பக்கத்தில் நிற்பார் என்ற நம்பிக்கையில் வலது பக்கம் இறங்கினார்.

அங்கே ஒருவரும் நிற்கவில்லை.

அடிவாரத்தில் வேன் டிரைவர் கதவைத் திறந்து வைத்திருந்தார். பையன்கள் நடுங்கிக்கொண்டே ஏறினார்கள். உள்ளே வழக்கத்துக்கு மாறாக அமைதி. அந்த அமைதிதான் அவருக்கு முதலில் உறைத்தது.

"ரேடியோ எங்க?"

கேப்டன் முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

"உங்க கூடத்தானே வந்தான்?"

"என் கூட இல்லையே. நீங்க அங்க நின்னு அனுப்பலையா?"

"நானா? நான் முன்னாடி போயிட்டேனே! உங்களத்தானே நிக்கச் சொன்னேன்?"

"பாத்துக்கோங்கன்னு சொன்னீங்க..."

கேப்டனின் முகத்தில் இருந்த ரத்தம் வடிந்துபோனதை அவர் பார்த்தார். தன் முகமும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். பின் சீட்டிலிருந்து ஒருவன் சொன்னான், மீசையும் இல்லை என்று. மீசை என்பவன் சங்கத்திலேயே மூத்தவன். உதட்டுக்கு மேல் கோடு போட்ட மாதிரி நாலு முடி வளர்ந்ததற்கு அந்தப் பெயர். வழி பிரியும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ரேடியோ ஷூ கயிறு கட்ட உட்கார்ந்தானாம். மீசை அவனுக்காக நின்றானாம்.

கேப்டனுக்குக் கை கால் ஓடவில்லை. வேனைச் சுற்றி வந்தார். "ஆண்டவரே, ஆண்டவரே" என்றார். அந்தச் சத்தக்காரரின் குரல் அப்படிச் சுருங்கி இவர் கேட்டதே இல்லை. இவர் நாக்கும் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்து எடுத்துப் பேசினார்.

"கேப்டன், இங்க பாருங்க. என்னையே பாருங்க. டிரைவர் பசங்களோட வேன்ல இருக்கட்டும், ஒருத்தனும் கீழ எறங்கக் கூடாது. நீங்க வனத்துறை கேட்டுக்கு ஓடுங்க, அங்க போன் இருக்கும். கயிறோட ஆள் கேளுங்க. நான் மேல போறேன். குவாரிப் பாதையில போறேன். இப்ப நான் என்ன சொன்னேன், சொல்லுங்க."

"டிரைவர் வேன்ல. நான் கேட்டுக்கு. கயிறு, ஆளு. நீங்க குவாரிப் பாதை."

"நீங்க வர்ற வரைக்கும் அவனுங்க இருக்கற இடத்த விட்டு நகர மாட்டேன். விசில் ஊதிட்டே இருப்பேன். சத்தத்த வச்சு வாங்க."

"நகர மாட்டீங்க. விசில்" என்று சொல்லிவிட்டு, கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு கேப்டன் சாலையில் ஓடினார்.

இவர் மேலே ஏறினார். இரண்டு பக்கமும் வெள்ளை. தன் கையே மங்கலாகத் தெரிந்தது. விசிலை ஊதினார், நின்றார், கேட்டார். ஈரம் இலையிலிருந்து சொட்டும் சத்தம். மறுபடி ஊதினார். தொலைந்துபோனால் உட்கார்ந்த இடத்தை விட்டு எழக் கூடாது, விசில் கேட்டால் பதில் குரல் கொடுக்க வேண்டும் என்று ஹாலில் எத்தனையோ வெள்ளிக்கிழமை சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பையன்கள் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் கேட்டிருக்கிறார்கள். யாருக்கு ஞாபகம் இருக்கப்போகிறது என்று நினைத்ததும் வாய் காய்ந்து, அடுத்த ஊதல் வெறும் காற்றாகப் போனது.

அவர் மனம் சும்மா இருக்கவில்லை. அதற்குப் பழக்கமான படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டியது. மண்டை ஓடு. கழுத்து. முதுகுத்தண்டு. "வேணாம் ஆண்டவரே" என்று வாய்விட்டுச் சொன்னார்.

லாரிப் பாதையில் கொஞ்ச தூரம் போனதும், முன்னாலிருந்து ஒரு குரல் உடைந்து வந்தது.

"அண்ணா! அங்கயே நில்லுங்கண்ணா! ஓடி வராதீங்க, பாதை இல்ல!"

மீசை. பாதை சட்டென்று முடியும் இடத்தில், தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தான். அவனுக்கு முன்னால் மலை வெட்டப்பட்டிருந்தது. அதற்கப்பால் வெள்ளை மட்டும்.

"ரேடியோ விழுந்துட்டான்ணா. முன்னாடி ஓடுனான். நான் நில்லுடான்னு சொல்றதுக்குள்ள..." அவன் பற்கள் அடித்துக்கொண்டன. "கீழ இருக்கான். மொதல்ல கத்துனான். நான் எங்கயும் போகல, இங்கயேதான் இருக்கேன். நீங்க சொன்ன மாதிரி."

அவரும் மண்டியிட்டு, பிறகு படுத்து, விளிம்பு வரை ஊர்ந்தார். மார்புக்குக் கீழே சரளைக்கல் உருண்டு, விளிம்பைத் தாண்டி விழுந்தது. அது எங்கோ அடியில் போய்ப் படும் சத்தத்துக்காகக் காத்திருந்தார். வெகு நேரம் கழித்துத்தான் கேட்டது.

"ரேடியோ!"

பதில் இல்லை. உயிர் போய்விட்டது அவருக்கு. மறுபடி கூப்பிட்டார். வெள்ளைக்குள்ளிருந்து, நினைத்ததைவிடப் பக்கத்தில், சின்னதாக ஒரு குரல் வந்தது.

"பாத்துடா அண்ணனா?"

"ஆமாடா. நான்தான்."

"நான் பாக்காம வந்துட்டேன்ணா."

போன உயிர் திரும்பி வந்தது, அழுகையோடு. அழுகையை முழுங்கினார், அதில் அவருக்குப் பழக்கம் உண்டு. எங்கே இருக்கிறாய் என்று கேட்டார். ஒரு திட்டு மாதிரி இருக்கிறது, கட்டில் அகலம்கூட இல்லை என்றான். கால் வேறு மாதிரி திரும்பியிருக்கிறது என்றான்.

"கால பாக்காத. பாறையப் பாரு. முதுக பாறையோட ஒட்டி வச்சுக்கோ. ஆடாத. கேப்டன் கயிறு எடுத்துட்டு வர்றாரு."

"நீங்க எறங்கி வாங்கண்ணா."

இறங்க முடியுமா? கை தானாகவே விளிம்பைத் தடவியது. பிடிக்க ஒன்றுமில்லை, ஈரப் பாறையும் உதிரும் மண்ணும்தான். தான் இறங்கினால் தன் உடம்பின் கனமே அவனைத் தள்ளிவிடும் என்று தெரிந்தது. தெரிந்தும், ஒரு குழந்தை வா என்று கூப்பிடும்போது வராமல் கிடப்பதைவிடக் கொடுமை வேறு இல்லை என்றும் தெரிந்தது.

"என்னால முடியாதுடா. நான் வந்தா கல்லு உன் மேல விழும். ஆனா இங்கதான் இருப்பேன். நீ மேல வர்ற வரைக்கும் இந்த இடத்த விட்டுப் போக மாட்டேன்."

"சும்மா சொல்றீங்களா?"

"இல்ல. நெஜமா."

மீசையைத் தன் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவனுக்கு ஒரு வேலை, தனக்கு ஒரு தைரியம். நிமிஷத்துக்கு ஒரு தடவை விசில். நடுவில் பேச்சு. ரேடியோ பேசிக்கொண்டிருக்கும் வரை கவலை இல்லை என்று சொல்லிக்கொண்டார். அவனும் பேசினான். அம்மா திட்டுவாள் என்றான். ஷூ புதுசு என்றான். குளிருகிறது என்றான். வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. குழறல் வந்தது. பிறகு அந்த வாய், வேதபாட நேரத்தில்கூட மூடாத வாய், மூடிக்கொண்டது.

"ரேடியோ. டேய். பேசுடா."

ஒன்றுமில்லை. மீசை பின்னால் விம்ம ஆரம்பித்தான்.

அவருக்கு ஜெபம் வரவில்லை. வார்த்தைகளே வரவில்லை. வந்தது, வாயில் ஊறிப்போன அந்த ஒன்றுதான். எக்ஸ்ரே அறையின் குரலில், சத்தமாக, அதட்டலாகச் சொன்னார்.

"மூச்ச இழு! இழுடா! அப்படியே பிடி... ஆடாத... ம், விடு!"

கீழே ஒரு மூச்சு சத்தம் கேட்டது. நடுங்கி, உள்ளே போய், வெளியே வந்தது.

"இன்னொரு தடவ. இழு. பிடி. விடு."

அப்படியே நடந்தது. அவர் சொல்வார், அவன் இழுப்பான். சில சமயம் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஒரு தடவை நான்கு முறை சொல்லியும் சத்தம் வராமல், அவர் விளிம்பைத் தாண்டி நெஞ்சு வரை எட்டிப் பார்க்க, மீசை பெல்ட்டோடு பின்னால் இழுத்தான். "அண்ணா, நீங்களும் போயிடாதீங்கண்ணா" என்று அலறினான். அந்த அலறலுக்குத்தான் கீழே மூச்சு திரும்பியது.

வெள்ளை மெல்லச் சாம்பலாகத் தொடங்கியபோது, தூரத்தில் ஒரு விசில் கேட்டது. அவர் ஊதினார். அது பதில் ஊதியது. கேப்டன் கத்திக்கொண்டே வந்தார். "நகராதீங்க பிரதர்! வந்துட்டோம்! இருக்கீங்களா?"

"இருக்கேன்! பாதை முடியுது, மெதுவா வாங்க!"

வனக் காவலர்கள் இரண்டு பேரும், தீயணைப்பு வண்டியிலிருந்து சிலரும் கயிறுகளோடு வந்தார்கள். ஒருவர் இறங்கினார். ரேடியோவைத் துணித் தொட்டிலில் கட்டி மேலே இழுத்தபோது அவன் உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண்ணைத் திறந்து, விளிம்பில் படுத்திருந்தவரைப் பார்த்தான். கேப்டன் தன் சட்டையைக் கழற்றி அவன் மேல் போர்த்திவிட்டு, அந்த ஈரத்தில் வெற்று உடம்போடு நின்றார்.

அவர் வேலை பார்க்கும் மருத்துவமனையில், அன்றைக்குப் பணியில் இருந்த சக ஊழியர் "நீங்க உக்காருங்க, நான் எடுக்கறேன்" என்றார். ரேடியோ அவர் விரலை விடவில்லை. அதனால் அவரே அங்கியை மாட்டினார். அவன் காலை மெதுவாக மேசையில் வைத்துப் படம் எடுத்தார். திரையில் படம் வந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்து, ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நின்றன. இடுப்பு, முதுகு, கழுத்து எல்லாம் தப்பித்திருந்தன. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தார். அப்போதுதான் வாந்தி வந்தது.

வெளியே தாழ்வாரத்தில் கேப்டனும், விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்த மருந்துக்கடைக்காரரும் நின்றிருந்தார்கள்.

"கடைப் பையனுக்குக் காய்ச்சல், வர்றது கஷ்டம்னு சொன்னேனே பிரதர்" என்று மருந்துக்கடைக்காரர் தவித்தார்.

"கஷ்டம்னா சொன்னீங்க? பாக்கலாம்னுதான் எனக்குக் கேட்டுச்சு" என்றார் கேப்டன்.

"ரெண்டும் சொன்னேன்..."

அதற்குள் ரேடியோவின் அம்மா வந்துவிட்டாள். கண்டக்டர் உடுப்பு, தோளில் இன்னும் டிக்கெட் பை. வண்டியைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு வந்திருந்தாள். அழவில்லை. மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்க மூணு பேர்ல யாரு என் பையனப் பாத்துக்கிட்டது?"

நம்மவருக்குப் பல பதில்கள் தொண்டைக்கு வந்தன. மேகம் இறங்கியது. பேச்சு சரியாகக் கேட்கவில்லை. ஆள் குறைவு. அவற்றை எல்லாம் ஒதுக்கிவிட்டு உண்மையைச் சொன்னார்.

"யாரும் பாத்துக்கலம்மா. அவர் பாப்பாருன்னு நான் நெனச்சேன். நான் பாப்பேன்னு அவர் நெனச்சாரு. காலையிலயே ஆள் பத்தாதுன்னு எனக்குத் தெரியும். வாயத் திறந்து சொல்லல."

அவள் அவரை அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் டிக்கெட் பையைக் கழற்றி அவர் கையில் திணித்துவிட்டு, மகன் இருந்த அறைக்குள் போனாள். அவள் திரும்பி வரும் வரை அவர் அந்தப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சங்கத்தை மூட வேண்டும் என்று சபைக் கமிட்டியில் பலர் சொன்னார்கள். போதகர் சில மாதம் நிறுத்தி வைத்தார். பிறகு ஒரு மாலை மூன்று பேரையும் கூப்பிட்டு, "என்ன செய்யலாம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

மருந்துக்கடைக்காரர்தான் முதலில் பேசினார். "ஐயா, என்னால வர முடியாது. கடையையும் விட முடியல, பசங்களையும் விட முடியலன்னு ரெண்டுக்கும் நடுவுல ஆடிட்டே இருந்துட்டேன். இனி வர மாட்டேன்." சொல்லி முடித்ததும் அவர் முகம் தெளிந்தது. இத்தனை வருஷத்தில் அவர் கொடுத்த முதல் நேரான பதில் அது. கேப்டன் எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டார்.

பிறகு கேப்டன் இவர் பக்கம் திரும்பினார். பேச்சைப் பாதியில் விடாமல், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். "நீங்க இருப்பீங்களா பிரதர்? இருக்க முடியலன்னா அதையும் சொல்லிடுங்க."

"அன்னைக்கு சாயங்காலம் வர மாட்டேன்னு உங்ககிட்ட சொல்றதா இருந்தேன்" என்றார் அவர்.

கேப்டன் தலையை ஆட்டினார். "இப்ப?"

"இப்ப எனக்கு ரொம்பப் பயமா இருக்கு கேப்டன். ஆனா இதோட விட்டுட்டுப் போக மனசு வரல. ஒரு வருஷம் வர்றேன். முழுசா வர்றேன். வருஷம் முடிஞ்சதும் மறுபடி என்னைக் கேளுங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன், நீங்களும் தப்பா நெனைக்காதீங்க. ஆள் பத்தலன்னா எங்கயும் போறதில்ல. நான் வேணாம்னு சொன்னா, வேணாம்தான்."

"வேணாம்னா வேணாம்தான்" என்று கேப்டன் திருப்பிச் சொன்னார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது அவள் சட்டை மடிப்பதை நிறுத்தி, அவரை நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை.

சங்கம் மறுபடி திறந்தபோது பாதிப் பையன்கள்தான் வந்தார்கள். மீசை இப்போது சின்னவர்களுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தான். வெளியூர்ப் பயணம் எதுவும் இல்லை. ஹாலுக்குள்ளேயே, எல்லா விளக்கும் எரிய, பந்து விளையாடினார்கள். அதிலும் ஒரு பையன் கண்ணில் படவில்லை என்றால் அவருக்கு வியர்த்துவிடும். கழிப்பறைக் கதவைத் தட்டி, "உள்ள இருக்கியாடா?" என்பார். "இருக்கேன்ணா" என்று சத்தம் வந்த பிறகே அங்கிருந்து நகர்வார். வழக்கமாகச் சொல்லும் அந்த வார்த்தையை அவர் நிறுத்திவிட்டார். யாரைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று நீளமாகச் சொன்னார். பையன்களுக்கு அலுப்பாக இருந்தது.

மழை பெய்த ஒரு வெள்ளிக்கிழமை, ஹால் வாசலில் குடையை மடக்கிக்கொண்டு அந்த அம்மா நின்றாள். பக்கத்தில் ரேடியோ. கால் கூடியிருந்தது, ஆனால் நடையில் ஒரு சாய்வு தங்கிவிட்டது. அது போகாது என்று படங்களைப் பார்த்தே அவருக்குத் தெரியும்.

"இவன் நச்சு தாங்கல. வரணும்னு ஒரே அழுகை" என்றாள். குரலில் இளக்கம் இல்லை. "நான் விட்டுட்டுப் போக மாட்டேன். முடியற வரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன்."

"இருங்கம்மா. வாரா வாரம் இருங்க" என்றார் அவர்.

ஒரு நாற்காலி கொண்டுவந்து, ஹால் முழுதும் தெரிகிற மாதிரி சுவர் ஓரமாகப் போட்டார். அவள் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு, மகனைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். ரேடியோ சாய்ந்து சாய்ந்து நண்பர்களிடம் போய்ச் சேர்ந்தான். பிறகு யாரோ ஏதோ கேட்க, பதில் சொல்ல ஆரம்பித்தான், நிறுத்தவில்லை. கேப்டன் பந்தை எடுத்துவிட்டு, விசிலை ஊதுமுன் எல்லோரும் இருக்கிறார்களா என்று கேட்பது போல ஹாலின் மறுகோடியிலிருந்து இவரைப் பார்த்துக் கையைத் தூக்கினார். அவர் எல்லா முகங்களையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, தன் கையையும் தூக்கினார்.